விலைத்தட்டும் உயிர்த்தட்டும்

(மகாவீரர் பிறந்தநாளை முன்னிட்டுக் கொல்லிமலை அடிவாரமான காரவள்ளியில் நடைபெற்ற நீர்மோர்ப் பந்தல் திறப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அறக்கட்டளையார் எனக்குத் தந்த தலைப்பு ‘கொல்லாமை’. ஆண்டுதோறும் பேசப்படும் தலைப்பு. நானும் சில குறிப்புகளை எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் காலையில் இப்பந்தலில் மோர்க் குவளையுடன் நின்ற இரண்டு ஓட்டுநர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. “எங்கயோ எவனோ சண்டை போடுறான், நம்ம பங்க்குல விலை ஏறுது” என்றார் ஒருவர். மற்றவர், “சண்டை நடந்தா என்ன, நின்னா என்ன, டீசல் இறங்கினாப் போதும்” என்றார். இருவரும் சிரித்துக்கொண்டே வண்டியேறிப் போய்விட்டனர். அந்த இரண்டாவது சொல் மட்டும் என்னுடனேயே தங்கிவிட்டது. ஆகவே கொல்லாமையைப் பற்றி அச்சொல் வழியாகவே பேச விழைகின்றேன்.

முதலில் அந்த ஓட்டுநரின் பக்கம் நின்று பேசவேண்டும். விலை என்பது சிறிய செய்தி அன்று. இங்கிருந்து சோளக்காடு போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். அரிசியும் பருப்பும் சிமெண்டும் எரிவாயு உருளையும் அவ்வளைவுகளில் ஏறித்தான் மலைவாழ் மக்களை அடைகின்றன. அவர்களுடைய மிளகும் காப்பியும் அன்னாசியும் பலாவும் அவ்வழியேதான் இறங்குகின்றன. டீசலுக்கு ஒரு ரூபாய் ஏறினால், ஏறும் பொருளின் விலை கூடும். இறங்கும் பொருளுக்கு உழவர் பெறும் விலை குறையும். இருபுறமும் இழப்பவர் மலை உழவரே. நாமக்கல்லோ சரக்குந்துகளாலும் எரிவாயுத் தாங்கி வண்டிகளாலும் கோழிப்பண்ணைகளாலும் வாழும் ஊர். நம் நாடு பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது வெளிநாடுகளிலிருந்து வருவது. 2017 சூன் முதல் பெட்ரோல், டீசல் விலையை நாள்தோறும் மாற்றியமைக்கும் முறையும் வந்துவிட்டது. மாதந்தோறும் ஓய்வூதியம் பெறும் நான், விலையைப் பற்றிக் கவலைப்படாதீர் என்று உங்களுக்கு அறிவுரை கூறுதல் முறையாகாது, கூறவும் மாட்டேன்.

எனினும் துலாக்கோலுக்குத் தட்டுகள் இரண்டு. விலைத்தட்டு நம் கண்முன் தொங்குகிறது. பங்க்கின் பலகையில் எண்ணாகவே எழுதியிருக்கிறது. மற்றொன்று உயிர்த்தட்டு. அதில் உள்ள பாரம், போர்முனைக்கு மகனை அனுப்பிய சில வீடுகளுக்கு மட்டுமே தெரியும். எல்லார்க்கும் தெரிவது ஒரு தட்டு, சிலர்க்கு மட்டுமே தெரிவது மறுதட்டு என்றால், அந்தக் கோல் நேராக நிற்பது எவ்வாறு?

இந்த மலையிலிருந்தே தொடங்குவோம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஆடிப்பெருக்கையொட்டிச் செம்மேட்டில் அவனுக்கு விழா எடுக்கின்றோம். அவன் வில்லாற்றலையும் கொடைச் சிறப்பையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவன் முடிவைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்கப் பாடல்கள் குறிக்கின்றன. காரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவன் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பொருதவன் ஒருவன், மாண்டவன் ஒருவன், மலையையும் அதன் வளத்தையும் பெற்றவன் வேறொருவன். வகுப்பறையில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடம் இதனைச் சுட்டிக்காட்டுவது என் வழக்கம். பிறர் நிலத்து வளத்திற்காக நடந்த போர்களில் இம்மூவரையும் தனித்தனியே தேடிப் பாருங்கள் என்பேன்.

அவ்வாறு தேடினால் 1914ஆம் ஆண்டு வந்து நிற்கும். நிலக்கரியால் ஓடிய தன் போர்க்கப்பல்களை எண்ணெய்க்கு மாற்றிக்கொண்டிருந்த பிரித்தானியா, அவ்வாண்டு ஆங்கிலோ-பெர்சிய எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. பாரசீகத்தில் அபதான் என்னுமிடத்தில் அந்நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. அவ்வாலையையும் எண்ணெய்க் குழாய்களையும் காப்பது முதன்மையான நோக்கங்களுள் ஒன்றாக, 1914 நவம்பரில் இந்தியப் படை பாரசீக வளைகுடாவின் தலைப்பகுதியில் கரையிறங்கிப் பஸ்ரா நகரைக் கைப்பற்றியது. இன்றைய ஈராக்கு அன்று மெசபடோமியா. மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் நம் தென்னாட்டுப் பொறியாளர் படையினரும் அங்கே பணிபுரிந்தனர்.

காக்கச் சென்ற படை, காத்த அளவில் நிற்கவில்லை. பாக்தாத்தை நோக்கி நடந்தது. 1915 டிசம்பரில் கூத் என்னும் ஊரில் முற்றுகைக்குள் அகப்பட்டு, ஐந்து திங்கள் பட்டினி கிடந்து, 1916 ஏப்ரலில் ஏறத்தாழ 13,000 பேர் சரணடைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். சிறைப்பட்டவர்களில் மிகப் பலர் வீடு திரும்பவில்லை. 1918 நவம்பரில் போர் நின்றது. ஆயினும் இந்திய வீரர்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. 1920இல் அந்நாட்டு மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, அதனை அடக்கும் பணியும் இந்தியப் படைகள் தலையிலேயே விழுந்தது. போர் முடிந்த பின்னும் ஒருவன் பிறர் நாட்டு மண்ணில் ஏன் நிற்கவேண்டும் என்று அவன் தாய் கேட்டிருந்தால், யார் விடை சொல்லியிருப்பார்?

அப்பெரும்போருக்குச் சென்றவர்களின் நினைவாகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் கல்வெட்டுப் பலகை பதித்திருக்கின்றனர். இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று அதில் பொறித்திருக்கும். எண் இருக்கும், பெயர் இராது. பங்க்கில் உள்ள விலைப்பலகையிலும் எண் மட்டுமே இருக்கிறது. எண்ணை எண்ணோடு ஒப்பிடுவது எளிது. பெயர் தெரிந்துவிட்டால் ஒப்பிட மனம் வாராது.

பெயர் தெரிந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். பெயரை மட்டும் இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

1987 சூலை 29ஆம் நாள் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதனையடுத்து இந்திய அமைதி காக்கும் படை இலங்கை சென்றது. அமைதி காக்கச் சென்ற படை சில திங்களுக்குள் போரில் இறங்கவேண்டியதாயிற்று. அப்பொழுது நான் இம்மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இளம் தமிழாசிரியை. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன். அவன் தந்தை அப்படையில் இருந்தார். பள்ளி முன்னே அஞ்சல்காரர் மிதிவண்டியில் போகும் நேரம் வந்தால், அவன் கண் புத்தகத்தில் நிற்காது. ஒருநாள், “பாடத்தைக் கவனி” என்று அதட்டிவிட்டேன். அவன் எதற்காக வெளியே பார்க்கிறான் என்று கேட்கவில்லை. பக்கத்து ஊரில் ஒரு வீட்டிற்குத் தந்தி வந்த செய்தி பரவிய பிறகே எனக்கு விளங்கியது.

1990 மார்ச்சு 24ஆம் நாள் படையின் கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. நம் வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர் உயிரிழந்திருந்தனர். அந்த மண்ணில் வாழ்ந்த தமிழ் மக்களும் பெருந்தொகையாக மாண்டிருந்தனர். உயிர்த்தட்டில் எண்ணும்போது இவ்விரு கூட்டத்தாரையும் ஒருசேரவே எண்ணவேண்டும். ஒரு பக்கத்தாரை மட்டும் எண்ணுவது நம் அறம் அன்று.

அவ்வாண்டு ஆகஸ்டு 2இல் ஈராக்கு குவைத்தைப் பிடித்தது. கச்சா எண்ணெய் விலை சில வாரங்களில் ஏறத்தாழ இரு மடங்காகியது. எங்கள் ஆசிரியர் அறையில் பேச்செல்லாம் பெட்ரோல், பேருந்துக் கட்டணம், மண்ணெண்ணெய். அந்த அறையில் அமர்ந்திருந்த நான் அன்று ஒன்றை உணர்ந்து நாணினேன். நம் வீரர்கள் கடல் கடந்து நின்ற 32 திங்களில், அவர்களைப் பற்றி நாங்கள் பேசிய நேரம், இந்த ஒரு வாரத்தில் விலையைப் பற்றிப் பேசிய நேரத்தைவிடக் குறைவு.

அந்த நாள்களில்தான் அம்மாணவனின் தாய் ஒரு சான்றிதழுக்காகப் பள்ளிக்கு வந்தார். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுவிட்டு, வெறுங்கையோடு வந்திருந்தார். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல முயன்றேன். அவர் சொன்னார்: “அவரு முழுசா வந்து சேந்துட்டாருங்க டீச்சர். மண்ணெண்ணெய் கெடைக்காட்டிப் போகுது, வெறகு பொறுக்கிக்கறேன்.”

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பித்தேன். துலாக்கோலைப் பற்றி இதனினும் தெளிவாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. மண்ணெண்ணெய்க்கு மாற்று உண்டு. விறகு உண்டு, சாண எரிவாயு உண்டு, இன்று கதிரவன் ஒளியும் உண்டு. அவர் கணவருக்கு மாற்று இல்லை. மாற்றுள்ள பொருளையும் மாற்றில்லாத உயிரையும் ஒரே கோலில் நிறுக்கலாகாது என்பதே அவர் சொன்னதன் பொருள்.

இங்கே ஓர் ஐயம் எழும். “உணர்ச்சியாகப் பேசுகிறீர்கள், எரிபொருளின்றி நாடு நடக்குமா? படை நின்றால்தானே எண்ணெய் வரும்?” என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. வரலாறு தரும் விடையைப் பார்ப்போம்.

திருகோணமலையில் சீனக்குடா என்னுமிடத்தில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தொட்டிகள் உள்ளன. இன்று இருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோ லிட்டர் கொள்ளும். 1987 ஒப்பந்தத்தின்போது இரு நாட்டுத் தலைவர்களும் பரிமாறிக்கொண்ட மடல்களில், இத்தொட்டிகளைச் சீரமைத்து இரு நாடுகளும் கூட்டாக இயக்குவது என்பதும் ஒரு கூறாக இடம்பெற்றிருந்தது. எண்ணெய்க்காகவே படை சென்றது என்று நான் கூறவில்லை, அது பிழையாகும். ஆனால் படை அங்கு நின்ற நாள்களில் அத்தொட்டிகள் பற்றிய ஏற்பாடு நிறைவேறவில்லை என்பது உண்மை. படை அந்தத் துறைமுகத்திலிருந்தே கப்பலேறித் திரும்பி 13 ஆண்டுகள் கழிந்த பிறகு, 2003இல், நம் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் கிளையாகிய லங்கா ஐஓசி முறைப்படி ஒப்பந்தம் செய்துகொண்டு, அங்கே வணிகம் தொடங்கியது. 2022 சனவரியில் 61 தொட்டிகளை இரு நாட்டு நிறுவனங்களும் கூட்டாக மேம்படுத்த உடன்பாடு கண்டன. அவ்வாண்டே இலங்கையில் எரிபொருள் பஞ்சம் வந்து மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது, எரிபொருள் வாங்க இந்தியா 50 கோடி டாலர் கடனுதவி அளித்தது. துப்பாக்கியோடு நின்ற காலத்தில் நடவாத ஒன்று, கணக்குப் புத்தகத்தோடு சென்றபோது நடந்தது.

படை திரும்பியவுடன் அந்தத் தீவில் அமைதி மலர்ந்துவிட்டது என்றும் யாரும் எண்ணவேண்டா. போர் 2009 வரை நீண்டது. படையைத் திருப்பி அழைப்பது எல்லா நோய்க்கும் மருந்தாகாது. ஆயினும் வீரர் வீடு திரும்பினால் எரிபொருள் கிட்டாமற் போகும் என்னும் அச்சத்திற்கு, சீனக்குடா சான்று தரவில்லை.

பஸ்ராவையும் பாருங்கள். 2003இல் ஈராக்கில் போர் தொடுத்த அமெரிக்கா, இந்தியாவும் படை அனுப்பவேண்டும் என்று கேட்டது. ஏறத்தாழ 17,000 வீரர் கொண்ட ஒரு பிரிவு பற்றிப் பேசப்பட்டது. அனுப்பினால் சீரமைப்புப் பணிகளும் எண்ணெய் வளத்தில் வாய்ப்பும் கிட்டும் என்று வாதிட்டவர்கள் நம் நாட்டிலும் இருந்தனர். 2003 சூலை 14ஆம் நாள், ஐக்கிய நாடுகள் அவையின் தெளிவான ஆணையின்றி அனுப்புவதற்கில்லை என்று அன்றைய வாஜ்பாய் அரசு முடிவு செய்தது. அவ்வாறு மறுத்ததனால் நமக்கு எண்ணெய் நின்றுபோயிற்றா? 2017-18 நிதியாண்டில் இந்தியாவுக்கு மிகுதியான கச்சா எண்ணெய் விற்ற நாடு ஈராக்கே! 1914இல் நம் முன்னோரைச் சுமந்து கப்பல்கள் எந்தப் பஸ்ராவுக்குச் சென்றனவோ, அதே பஸ்ராவிலிருந்து எண்ணெய்க் கப்பல்கள் நம்மை நோக்கி வந்தன. நாம் கொடுத்தது பணம். எவர் பிள்ளையையும் கொடுக்கவில்லை.

அன்பர்களே, இதனால் வீரர் தொழிலை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் கருதவேண்டா. அருகன் அறம் அவ்வாறு கூறவில்லை. இல்லறத்தார் தற்காப்பிற்காகச் செய்ய நேரும் ‘விரோதி’ இம்சையையும், வேண்டுமென்றே எண்ணிச் செய்யும் ‘சங்கல்பி’ இம்சையையும் நம் நூல்கள் வேறு வேறாகவே வைத்தன. சிரவணபெளகொளவில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயர் கங்க மன்னரின் படைத்தலைவர். வாயிலில் நின்று வீட்டைக் காப்பவர் நம் வணக்கத்திற்குரியவர். அவரைப் பிறர் வீட்டுக் களஞ்சியத்திற்குக் காவல் அனுப்பலாமா என்பதே வினா.

இனி, நாம் செய்யக்கூடியது என்ன? போரை நிறுத்தும் ஆற்றல் இப்பந்தலில் நமக்கில்லை. ஆனால் போருக்குக் காரணமாகும் தேவையில் நம் பங்கு உண்டு. தமிழில் இல்லறத்தார் நோன்புகளை உரைக்கும் சமண நூல் அருங்கலச்செப்பு. சமந்தபத்திரரின் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தை அடியொற்றியது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறனில் விழையாமை, மிகுபொருள் விரும்பாமை என்னும் ஐந்தையும் கூறி, அவற்றைக் காக்கும் வேலியாகக் குணவிரதங்களையும் அது வகுக்கிறது. அவற்றுள் முதலாவது திக்விரதம். பத்துத் திசையிலும் இந்த எல்லைக்கு அப்பால் செல்லேன் என்று வரையறுத்துக்கொள்வது. நாள்தோறும் அந்த எல்லையை இன்னும் சுருக்கிக்கொள்ளும் நோன்பும் உண்டு. போகவர முடிந்தது என்பதற்காகவே போய்வருதல் கூடாது என்று, ஊர்திகளே இல்லாத காலத்தில் நம் பெரியோர் எண்ணியிருக்கின்றனர். வேண்டாத செயலால் பிற உயிர்க்குத் தீங்கு விளைப்பதைத் தவிர்க்கும் அனர்த்ததண்ட விரதமும் குணவிரதங்களுள் ஒன்று. இக்காலத்தில் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுதல் இவ்விரண்டு நோன்பிற்கும் உரிய பொருள் என்று நான் கருதுகின்றேன்.

இதனை ஓட்டுநர் நண்பர்களுக்குச் சொல்லவில்லை. அவர்களுடைய பயணம் பிறர்க்கு உணவு சுமக்கும் பயணம். விருப்பத்திற்காக வண்டியெடுக்கும் நம்மைப் போன்றோர்க்கே சொல்கிறேன். இத்திருவிழாவுக்கு நாமக்கல்லிலிருந்து எத்தனை வண்டிகள் வந்தன என்று காலையில் எண்ணிப் பார்த்தேன். ஒரு வண்டிக்கு ஒருவர், இருவர் என வந்திருக்கின்றோம். நானும் அவ்வாறே வந்தேன். அடுத்த ஆண்டு ஒரே பேருந்தில் வருவோம் என்று அறங்காவலர்களிடம் வேண்டிக்கொள்கிறேன். மிஞ்சும் தொகையைக் கொண்டு இப்பந்தலை இன்னும் பத்து நாள் நடத்தலாம்.

இன்னொன்று. நம் ஊர்களில் படையில் இருப்போர் வீடுகளும், படையிலிருந்து திரும்பாதோர் வீடுகளும் உண்டு. நம் பண்டிகை நாள்களில் அவ்வீடுகளின் கதவைத் தட்டுவோம். உதவி வேண்டுமா என்று கேட்பதற்கு முன், அவர் பெயரென்ன, எங்கே பணியாற்றுகிறார், மடல் வந்ததா என்று கேட்போம். உயிர்த்தட்டில் உள்ள பாரம் நம் கண்ணிலும் படத் தொடங்கினால், நாட்டை ஆள்வோர் கண்ணிலும் ஒருநாள் படும்.

காலையில் பேசிச் சென்ற ஓட்டுநர் இந்நேரம் மலையில் ஏதோ ஒரு வளைவில் ஏறிக்கொண்டிருப்பார். அவர் சொல்லில் பாதி எனக்கும் உடன்பாடு. டீசல் விலை இறங்கட்டும். அவர் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். மறுபாதியை மட்டும் மாற்றிச் சொல்ல விரும்புகின்றேன்: சண்டை நிற்கட்டும், சென்றவர் முழுதாக வீடு வந்து சேரட்டும். இரண்டில் ஒன்றுதான் கிட்டும் என்ற நிலை வந்தால், எதனைக் கேட்பது என்பதை விறகு பொறுக்கத் துணிந்த அந்தத் தாயிடம் கற்றுக்கொள்வோம்.

வெயில் ஏறுகிறது. மோர் சூடேறுமுன் என் உரையை முடிக்கவேண்டும்.